ரீ-மிஷன்

ரீ-மிஷன் என்பது புற்றுநோயால் பாதிக்கப்பட்ட பதின்ம வயதினரும் இளைஞர்களும் தமது சிகிச்சையைத் தவறாமல் பின்பற்ற ஊக்குவிக்கும் நோக்குடன் உருவாக்கப்பட்ட ஒரு நிகழ்பட ஆட்டம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஹோப்லேப் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் இதனை 2006 ஆம் ஆண்டில் விண்டோஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்டது. நோயின் அறிகுறிகள் தணிந்திருக்கும் நிலையைக் குறிக்கும் ஆங்கில மருத்துவச் சொல்லே ஆட்டத்தின் பெயராகும். அதனை இடைக்கோட்டால் பிரித்து எழுதுவதால் "மீண்டும் ஒரு பணி" என்ற பொருளும் கிடைக்கிறது.

பின்னணி

கடும் நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும். இதன் பெரும்பகுதியில் நோயாளி வீட்டிலிருந்தபடியே மாத்திரைகளை உட்கொள்ள வேண்டும். உடல் நலமாக இருப்பதாகத் தோன்றும் காலத்திலும் இவற்றை நிறுத்தக்கூடாது. தவறவிட்டால் நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. பெற்றோரின் கண்காணிப்பு குறைதல், பக்க விளைவுகள், நண்பர்களிடமிருந்து வேறுபட்டுத் தெரிய விரும்பாமை போன்ற காரணங்களால் பதின்ம வயதினர் மருந்தைத் தவறவிடுவது அதிகம்.

பாம் ஒமிடியார் என்பவர் 2001 ஆம் ஆண்டில் ஹோப்லேப் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னர் இவர் நோயெதிர்ப்பியல் ஆய்வகம் ஒன்றில் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றியவர்.

ஆட்ட முறை

ராக்ஸி என்னும் மீநுண் எந்திரன் ஆட்டத்தின் நாயகி ஆவாள். ஆடுபவர் அவளை இயக்கிக் கற்பனை நோயாளிகளின் உடலுக்குள் பயணித்துப் புற்றணுக்களையும் நோய்த்தொற்றுகளையும் அழிக்க வேண்டும். ஆட்டம் 20 நிலைகளைக் கொண்டது. வேதிச்சிகிச்சை, கதிர்வீச்சு, நுண்ணுயிர் எதிர்ப்பிகள் ஆகியன அவளுடைய ஆயுதங்களாகும். நோயாளி மருந்தைத் தவறவிட்டால் ஆயுதம் சரிவர இயங்காது. தப்பிய புற்றணுக்கள் மருந்துக்கு எதிர்ப்புத் தன்மை பெறும். மருந்தைத் தவறவிடுவதன் விளைவை இவ்வாறு ஆடுபவர் நேரடியாகக் காண்கிறார்.

ஆய்வு

ஆட்டத்தின் பயனை அறிய அமெரிக்கா, கனடா, ஆத்திரேலியா ஆகிய நாடுகளின் 34 மருத்துவ மையங்களில் 13 முதல் 29 வயது வரையான 375 நோயாளிகளிடம் சமவாய்ப்பு முறையில் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு குழுவினருக்கு வழமையான வணிக ஆட்டம் ஒன்று மட்டும் வழங்கப்பட்டது. மற்றக் குழுவினருக்கு அதனுடன் ரீ-மிஷனும் வழங்கப்பட்டது. மூன்று மாதங்கள் நீடித்த இவ்வாய்வின் முடிவுகள் 2008 ஆம் ஆண்டில் பீடியாட்ரிக்ஸ் ஆய்விதழில் வெளியாயின.

- ரீ-மிஷன் குழுவினர் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தைக் கூடுதல் ஒழுங்குடன் உட்கொண்டனர். இது மின்னணு மருந்துப் புட்டிகள் மூலம் அளவிடப்பட்டது.
- மெர்காப்டோபியூரின் என்னும் புற்றுநோய் மருந்தை உட்கொள்வதிலும் இக்குழுவினரே முன்னிலையில் இருந்தனர். இது குருதிச் சோதனை மூலம் அறியப்பட்டது.
- புற்றுநோய் பற்றிய அறிவும் தன்னம்பிக்கையும் உயர்ந்தன.
- மன அழுத்தம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

நோயாளிகள் தாமே கூறிய தகவலின்படி மருந்து உட்கொள்வதில் இரு குழுவினருக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. கருவி அளவீடுகளிலேயே வேறுபாடு வெளிப்பட்டது. நோயாளியிடம் கேட்டறிவது மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது. நோய் மீளாமல் தடுக்கப்பட்டதா என்பதை அளவிட மூன்று மாத ஆய்வு போதுமானதன்று.

பின்னைய பதிப்பு

2013 ஆம் ஆண்டில் ஆறு சிறிய இணைய ஆட்டங்களைக் கொண்ட ரீ-மிஷன் 2 வெளியிடப்பட்டது.

இவற்றையும் பார்க்க

- இரத்தப் புற்றுநோய்
- வேதிச்சிகிச்சை
- நிகழ்பட ஆட்டம்