மீக்கடத்திக் கியூபிட் வழிச் செறிபொருள் ஆய்வு

மீக்கடத்திச் சுற்றுகளாலான கியூபிட்டுகளை அணுக்களுக்குப் பதிலியாக வைத்து, திண்மங்களுக்குள் நிகழும் பல்துகள் குவாண்டம் நிகழ்வுகளைச் சில்லின்மேல் நடத்திப் பார்க்கும் முறை. 50 சுழல்கள் கொண்ட சிறு காந்தச் சங்கிலியின் நிலையை முழுதாக எழுதவே 1,100 லட்சம் கோடிக்கு மேற்பட்ட எண்கள் வேண்டும். குவாண்டம் உலகைக் குவாண்டம் கருவியாலேயே படிக்கலாம் என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1981இல் சொன்னதற்கு இந்தப் பெருக்கமே காரணம்.

பெரும்பாலும் அலுமினியச் சந்தி கொண்ட டிரான்ஸ்மான் என்னும் கியூபிட், தனிச்சுழியத்துக்கு மேல் நூறில் ஓரிரு கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கப்படுகிறது. அருகருகே இணைத்த டிரான்ஸ்மான்கள் படிகத்தின் இருப்பிடங்களாகவும், அவற்றினிடையே தாவும் நுண்ணலை ஃபோட்டான்கள் துகள்களாகவும் நடந்துகொள்வதால், போஸ்-ஹப்பர்ட் மாதிரி ஏறத்தாழத் தானாகவே அமைந்துவிடுகிறது. 2021இல் கூகுளின் சிகமோர் சில்லில் 20 கியூபிட்டுகளைக் கொண்டு காலப்படிகம் (இயக்கும் தாளத்தின் மடங்கான கால இடைவெளியில் ஓயாமல் திரும்பும் பொருள்நிலை) காட்டப்பட்டது. அதன் கோட்பாட்டாளர்களுள் வேதிகா கேமானியும் ஒருவர். 2023இல் ஐபிஎம் 127 கியூபிட்டுகளில், காந்தச் சுழல்களை விவரிக்கும் ஐசிங் மாதிரியை ஓட்டியது. சில வாரங்களிலேயே வழக்கமான கணினிகளும் அந்த விடைகளை எட்டிவிட்டன; இத்துறையின் ஆரவார அறிவிப்புகளைச் சற்றுப் பொறுத்தே ஏற்பது நல்லது.

இந்தியாவில் முன்னோடி, மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அங்கு ஆர். விஜயராகவன் குழு, நான்கு ஜோசப்சன் சந்திகளை வளையமாக்கி, ஒரே சுற்றில் மூன்று கியூபிட்டுகளைத் தரும் டிரைமானை உருவாக்கியது. டிஆர்டிஓவுடன் சேர்ந்து 6 கியூபிட் செயலியைச் சோதித்த செய்தி 2024 ஆகஸ்டில் வந்தது. 6 கியூபிட் கணக்கை மடிக்கணினியே போட்டுவிடும். இப்போதைய ஆதாயம் வடிவமைப்பிலும் அளவீட்டிலும் கைவந்த தேர்ச்சிதான்.