கடாரத்துத் தூதர் செய்த விண்ணப்பம்

ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில், சேர மன்னன் பாஸ்கர ரவி முயிரிக்கோட்டில் வீற்றிருந்த காலத்து, யூதர் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு, பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் முதலிய 72 உரிமைகளையும் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும் வழிவழியாக அனுபவிக்கும்படி அளித்த செப்பேட்டைக் கொச்சி யூதர்கள் தம் ஜெப ஆலயத்தில் போற்றி வந்ததைப் பலரும் அறிவர். அதற்கு ஆறேழு ஆண்டுகளுக்குள், அந்தச் சேரருக்குப் பகைவனான இராஜராஜ சோழன் தஞ்சாவூரில் இருந்துகொண்டு, கடல் கடந்து வந்த வேறொரு சமயத்தாருக்கு விட்ட தானத்தைக் காவிரி நாட்டவரே அவ்வளவாக நினைப்பதில்லை.

ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்த விஹாரத்துக்கு, 1006-ஆம் ஆண்டில், இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்த இறையிலியாக்கினான், அதாவது பள்ளிக்கு விட்ட வரியில்லா நிலமாக்கினான். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். அதிலிருந்து வரவேண்டிய காணிக்கடன் 8,943 கலத்துக்கும் சில்லறைக்கும் குறையாத நெல். மரக்காலால் அளந்தால் லட்சத்தைத் தாண்டும். சில்லறை என்று நான் தள்ளிவிட்டதைச் சோழர் கணக்கர் தள்ளவில்லை. தூணி, குறுணி, நாழி வரையில் இறங்கி எழுதிவைத்திருக்கிறார்கள். தர்மம் செய்கிறவனுக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்று கணக்கில் ஏறாத தர்மம் அடுத்த அறுவடைக்கே தகராறாகிவிடும் என்பதை டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் எவரும் அறிவர்.

அரசன் திருவாய் மொழிந்த மாத்திரத்தில் ஊர் கைக்கு வந்துவிடவில்லை. திருமந்திர ஓலை எழுதுபவன் எழுத, ஓலைநாயகம் ஒப்பிட, வரிப்பொத்தகத்தார் கணக்கில் ஏற்ற, அதன் பின்னர் நாட்டாருக்குத் திருமுகம் போயிற்று. அவர்கள் அதை எதிர்கொண்டு வணங்கித் தலைமேல் வைத்து, ஒரு பெண் யானையை முன்னே நடத்தி, அது வாய்க்காலும் வரப்பும் கடந்து போன தடத்தின் வழியே தாமும் நடந்து, எல்லை நெடுகிலும் கல்லும் கள்ளியும் நட்டு, பின்பு அறவோலை எழுதிக் கொடுத்தார்கள். பிடி சூழ்தல் என்பது இதன் பெயர். இவ்வளவும் செப்பேட்டில் ஏறுவதற்குள் இராஜராஜன் காலமானான். தந்தையின் ஆணையைச் செம்பில் வெட்டுவித்தவன் இராஜேந்திரன்.

அந்த இராஜேந்திரனே 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்தி, அதன் அரசனைப் பிடித்து, பொருளையும் கவர்ந்தவன் என்பதை எண்ணும்போது, கொடை என்பது ராஜாக்களின் சிநேகத்தை மட்டும் நம்பி நின்றதன்று என்று தோன்றுகிறது. ஆயினும் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது முதல் கொடையன்று, 1090-இல் முதற் குலோத்துங்கனிடம் வந்த விண்ணப்பமே. கடாரத்தரசனின் தூதர்களான இராஜவித்யாதர ஸ்ரீ சாமந்தனும் அபிமானோத்துங்க ஸ்ரீ சாமந்தனும் கேட்டது புதிய ஊர் எதையும் அன்று. பள்ளிச்சந்த ஊர்களில் அந்தராயம், வீரசேஷை, பன்மைபண்டவெட்டி, குந்தாலி, சுங்கமேரை முதலிய வரிகள் தவிர்ந்ததற்கும், பழைய காணியாளரை நீக்கிப் பள்ளியின் சங்கத்தாரே காணி பெற்றதற்கும் தாம்ர சாஸனம் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. அதாவது, கிடைத்துவிட்டதற்குப் பத்திரம் கேட்டார்கள்! காணி இழந்த அந்தப் பழைய குடிகள் என்ன சொன்னார்கள் என்பதைச் செம்பு பேசவில்லை; விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் குரல்தான் சாஸனத்தில் ஏறுகிறது.

இராஜேந்திரன் வெட்டுவித்து ஒரு வளையத்தில் கோத்த 21 ஏடுகளும், குலோத்துங்கன் காலத்து மூன்று ஏடுகளும் டச்சுக்காரர் கையால் ஹாலந்து சென்று, லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்து, லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்தது செங்கல் கோபுரம் ஒன்று. கூரையிழந்து, அடுக்கு அடுக்காக நின்ற அது கடலில் வருவோருக்கு அடையாளமாக இருந்தது. அதன் அருகே குடியேறியிருந்த ஜேசு சபையார் அதை இடிக்க அனுமதி வேண்டி அரசாங்கத்துக்கு விண்ணப்பம் செய்தனர். 1867-இல் அனுமதி கிடைத்தது.