மார்கரெட் பாஸ்டனின் பிறந்தகம்

15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த மார்கரெட் பாஸ்டனை, ஆங்கில மொழி வரலாறு பயில்வோர் அவருடைய கடிதங்களால் அறிவர். நூற்றுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியவை. இங்கு நான் பேச விரும்புவது அவருடைய குலவழி பற்றி.

புகுந்த வீட்டின் கதை சிக்கலானது. கணவர் ஜானின் பாட்டனார் கிளெமென்ட் ஏர் உழுத குடியானவர், பாட்டி பண்ணையடிமைக் குடியில் பிறந்தவர் என்கிறது பகைமையோடு எழுதப்பட்ட பழைய குறிப்பொன்று. கிளெமென்டின் மகன் வில்லியம் சட்டம் பயின்று நீதிபதியானார். நிலம் சேர்ந்தது, பகையும் சேர்ந்தது. அடிமைக் குடி என்று நிறுவப்பட்டால் நிலவுரிமையே ஆட்டம் காணும். ஆகவே 1466இல் நான்காம் எட்வர்டு மன்னர் அவர்களை உயர்குடியினர் என அறிவித்தது வெறும் பெருமைக்குரிய செய்தியன்று. பிரான்சிலிருந்து வந்த வுல்ஸ்டன் என்பவரே குலமுதல்வர் என்றும் அக்குடும்பத்தின் கொடிவழி உரிமை கொண்டாடியது. அப்பெயரோ ஓநாய், கல் என்னும் பொருளுடைய இரு பழைய ஆங்கிலச் சொற்களின் கூட்டு! புனைந்தவர் சற்றே நல்ல பிரெஞ்சுப் பெயராகத் தேடியிருக்கலாம்.

மார்கரெட்டுக்கு இத்தகைய புனைவு தேவைப்படவில்லை. மாட்பி என்னும் ஊரின் நிலக்கிழார் ஜான் மாட்பியின் வாரிசு அவர். தாய் ரீடம் ஊரின் பெர்னி குடும்பத்தவர். 1440 வாக்கில் நடந்த திருமணம் பாஸ்டன் வீட்டுக்கு நிலத்தோடு பழைய குடிப்பெருமையையும் சேர்த்தது.

அப்பெருமையின் கொடுமுகம் 1469இல் வெளிப்பட்டது. மகள் மார்ஜரி, குடும்பத்தின் காரியஸ்தர் ரிச்சர்ட் காலை இரகசியமாக மணந்திருந்தாள். நார்விச் ஆயர் விசாரித்தும் அவள் தன் வாக்கிலிருந்து பின்வாங்கவில்லை. தாய் வீட்டு வாசலை அடைத்துவிட்டார். மார்கரெட்டின் கடிதங்கள் சிலவற்றை அவர் சொல்ல எழுதிய கை அதே ரிச்சர்டுடையது என்பதைக் கையெழுத்து ஆய்வு காட்டுகிறது.

1482இல் எழுதிய உயிலில், கணவர் துயிலும் புரோம்ஹோம் மடத்தை மார்கரெட் கேட்கவில்லை; தம் முன்னோர் அடங்கிய மாட்பி தேவாலயத்தையே கேட்டார். கல்லறைக் கல்லின் நான்கு மூலைகளிலும் உறவுக் குடிகளின் சின்னங்கள் மாட்பி சின்னத்தோடு இணைந்து அமைய வேண்டும். அவற்றுள் பாஸ்டனும் ஒன்று. நடுவில் மட்டும் மாட்பி சின்னம் தனியே.

அதே உயிலில் மார்ஜரியின் மகன் ஜான் காலுக்கு 20 பவுன் எழுதிவைத்திருக்கிறார்.