கறையான் தொடாத மரம்



தோட்டத்து மக்களுக்குக் கறையானைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நட்டுவைத்த வேலிக்கால் மேலே பார்த்தால் நன்றாக இருக்கும். கையால் அசைத்தால் அடியோடு சாய்ந்துவிடும். இந்தப் பகையை வெல்ல மனிதன் செய்த முயற்சிக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் நம் அடுப்பங்கரைக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டு கையன் என்பவர், பாதரச உப்பு கரைத்த நீரில் மரத்தை ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1838இல் பெத்தல் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்தும் வழியைக் கண்டார். பல நாடுகளில் ரயில் பாதைச் சிலிப்பர் கட்டைகளை அந்தக் கரிய எண்ணெய்தான் காத்தது.

அடுத்த பெரிய மாற்றம் இந்தியாவில் பிறந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காமேசம் என்னும் விஞ்ஞானி, 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றையும் கொண்ட ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். ஆர்சனிக் என்பது நம் முன்னோர் அறிந்த பாஷாணம். ஒரு காலத்தில் தோட்டங்களில் லாலான் புல்லைக் கொல்ல அடித்த சோடியம் ஆர்சனைட்டிலும் இருந்தது இதே நஞ்சுதான்.

செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். பாஷாணம் கறையானைக் கொல்லும். ஆனால் இவற்றை மழை கரைத்துக்கொண்டு போய்விடுமே! குரோமியம் இவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்துவைக்கிறது. அதுவே காமேசம் கண்ட நுட்பம். மின்கம்பம், வேலி, படகுத்துறை என்று பச்சைச் சாயல் கொண்ட இம்மரம் உலகெங்கும் பரவியது; மலேசியாவுக்கும் வந்தது.

பிணைப்பு உறுதியானதுதான், ஆயினும் முழுமையானதன்று. மழையில் ஆர்சனிக் சிறிது சிறிதாகக் கசிந்து, கம்பத்தைச் சுற்றியுள்ள மண்ணில் சேர்வதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பிள்ளைகள் விளையாடும் ஏணியும் ஊஞ்சலும் இம்மரத்தால் செய்யப்பட்டபோது, கையில் ஒட்டியது வாய்க்குப் போகுமே என்ற கவலை எழுந்தது. அமெரிக்காவில் வீட்டுப் புழக்கத்துக்கான மரத்தில் இம்மருந்தை ஏற்றுவதை 2003ஆம் ஆண்டு முடிவோடு உற்பத்தியாளர்கள் நிறுத்தினர். ஐரோப்பிய நாடுகளும் 2004இல் கட்டுப்பாடு விதித்தன.

கசிவைவிடப் பெரிய ஆபத்து நெருப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு குடும்பமே திரும்பத் திரும்ப நோயுற்றது. தோலில் தடிப்பு, முடி உதிர்தல், மூச்சுத் தொல்லை. மருந்தேற்றிய மரத்துண்டுகளை வீட்டு அடுப்பில் எரித்ததே காரணம் என்று 1984இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நெருப்பு பாஷாணத்தை அழிப்பதில்லை. புகையிலும் சாம்பலிலும் விட்டுவைக்கிறது.

தாய்மார்களே, பொங்கலுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் விறகடுப்பு மூட்டுகிறோம். பழைய கம்பமும் உடைந்த வேலியும் சும்மாதானே கிடக்கின்றன என்று வெட்டி எரிக்காதீர்கள். நாள்பட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும். பார்வைக்கு வெறும் மரம்போலவே இருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டை அடுப்புக்கு வேண்டாம். அந்தச் சாம்பலில் பாத்திரம் துலக்குவதும், அதைக் கீரைப் பாத்தியில் தூவுவதும் நஞ்சை நாமே வீட்டுக்குள் அழைப்பதாகும். கீரைப் பாத்திக்கு அத்தகைய பலகையால் வரம்பு கட்டவும் வேண்டாம்.

அப்படியானால் மாற்று என்ன? ஒன்று நம் தோட்டத்திலேயே நிற்கிறது. முன்பு பால்மரத்தை வெட்டினால் விறகுக்குத்தான் போகும். வண்டு எளிதில் துளைத்துவிடும் மரம் அது. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரை ஏற்றி உலர்த்தும் முறை வந்தபின், 1980களில் அது நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறத் தொடங்கியது. மனிதருக்கு இம்மருந்தால் வரும் தீங்கு பாஷாணத்தைவிட மிகக் குறைவு. ஆனால் மழையில் கரைந்துவிடும். ஆகவே வீட்டுக்குள் மட்டுமே ஏற்றது.

வெளியே நடுவதற்குச் செங்கால் மரத்தின் வைரம் மருந்தில்லாமலே பல ஆண்டுகள் தாங்கும். ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்துகளும் வந்துள்ளன. மலாய்க்காரர்களின் பழைய வீடுகளைப் பாருங்கள். தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்தியிருப்பார்கள். ஈரம் ஏறாத மரம் எளிதில் உளுத்துப்போகாது. கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கறையான் தொட அஞ்சும் மரத்தை நாமும் யோசித்துத்தான் தொட வேண்டும்.