ஓரக்கல் தெருவின் நீர்க்கொள்ளளவு: நாகூரை முன்வைத்து

ஓரக்கல் பதித்த தெருவின் ஓரம் ஒரு முக்கோண வாய்க்கால். ஒருபக்கம் செங்குத்தான கல்; மறுபக்கம் நடுத்தெருவை நோக்கி மெல்ல ஏறும் தார்த்தளம். இதில் ஓடும் நீரைக் கணிக்க, பொறியாளர் மானிங் 1889இல் முன்வைத்த வாய்க்கால் ஓட்டச் சூத்திரத்தைப் பொறியாளர் இஸார்ட் 1946இல் தெருவுக்கேற்பத் திருத்தினார். குறுக்குச்சரிவின் 5/3 அடுக்கு, நெடுஞ்சரிவின் வர்க்கமூலம், நீர் பரவும் அகலத்தின் 8/3 அடுக்கு ஆகியவற்றைப் பெருக்கி, 0.376ஆல் பெருக்கித் தளத்தின் சொரசொரப்பு எண்ணால் வகுத்தால் வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று விடை வரும்.

வெட்டாறு கடலில் கலக்கும் நாகூர் ஏறக்குறைய சமதரை. அங்கே 8 மீட்டர் அகலத் தெரு ஒன்றுக்குக் குறுக்குச்சரிவு 2 சதவீதம், நெடுஞ்சரிவு ஆயிரத்துக்கு ஒன்று, சொரசொரப்பு 0.016 எனக் கொள்ளலாம். நீர் 2 மீட்டர் பரவினால் கல்லோரம் ஆழம் 4 செ.மீ.; ஓட்டம் வினாடிக்கு 7 லிட்டர். சரிவு நூற்றுக்கு ஒன்றாக இருந்தால் இதே அகலத்தில் 22 லிட்டர் ஓடியிருக்கும். மணிக்கு 50 மி.மீ. மழையில், பெய்ததில் பத்தில் ஒன்பது பங்கு வழிந்தோடினால், 7 லிட்டர் என்பது சுமார் 560 சதுர மீட்டரில் விழும் நீர். பாதித் தெருவும் ஒரு வரிசை வீடுகளும் சேர்ந்து 16 மீட்டர் அகலமென்றால், தெருநீரை வடிகாலில் இறக்க 35 மீட்டருக்கு ஒரு நீர்வாய் வேண்டும்.

தெருவுக்கு மேல் தெரு போடும் வழக்கம் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. 15 செ.மீ. ஓரக்கல் உள்ளபோது நீர் நடுமேடுவரை, அதாவது 8 செ.மீ. ஆழம்வரை ஏறலாம், ஒரு பக்கத்தில் 44 லிட்டர் ஓடும். 5 செ.மீ. வீதம் இருமுறை தளம் போட்டால் மிஞ்சும் கல் 5 செ.மீ.; கொள்ளளவு 13 லிட்டருக்கும் கீழே இறங்கிவிடும். பழைய தளத்தைச் சுரண்டிய பிறகே புதியது போடவேண்டுமென 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியதை, நீரியல் நோக்கிலும் சரியென்றே சொல்லவேண்டும்.

ஆயினும் நாகூரில் முடிவைச் சொல்வது தெருவன்று, ஆற்றின் நீர்மட்டம். சூத்திரம் கேட்கும் சரிவு உண்மையில் நீர்மட்டத்தின் சரிவு. தரைச்சரிவை அதற்கு ஈடாக வைப்பது, போகுமிடம் திறந்திருக்கும்வரைதான் செல்லும். 200 மீட்டர் வடிகாலுக்குத் தரை தருவது 20 செ.மீ. இறக்கம். வடகிழக்குப் பருவமழையில் வெட்டாறு பெருகி, கடலும் உயர்ந்து, கடைவாயில் நீர் 10 செ.மீ. ஏறினால் நிரம்பி ஓடும் வடிகாலின் ஓட்டம் 71 சதவீதமாகும், 15 செ.மீ. ஏறினால் பாதி, 20 செ.மீ. ஏறினால் ஒன்றுமில்லை. முதலில் மெல்லக் குறைந்து கடைசியில் சட்டென விழும் இந்தப் போக்கே ஏமாற்றுகிறது. ஆகவே கணக்கு முகத்துவாரத்தில் தொடங்கித் தெருவுக்கு ஏறிவரவேண்டும்.

வடிகால் நின்றுபோனால் ஓட்டக்கணக்குப் போய்த் தேக்கக்கணக்கே மிஞ்சும். நடுமேடுவரை தெருவில் தேங்குவது மீட்டர் நீளத்துக்கு 0.32 கனமீட்டர். இருபக்கமும் சேர்த்து அதே மழையில் அது 13 நிமிடத்தில் நிரம்பும். இருமுறை தளம் போட்ட தெருவில், ஓரக்கல்லைத் தாண்ட 5 நிமிடம் போதும்.