ல்ஹொத்தா

செக் நாட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிய கட்டுரையில் ‘ல்ஹொத்தா’ என்னும் ஊர்ப்பெயரை ‘லோட்டா’ என்று அச்சிட்டிருந்தார்கள். லோட்டாவோ நம் வீட்டுத் தண்ணீர்ச் செம்பு, இதுவோ முழுக்க முழுக்க வரி விவகாரம். போஹீமியாவிலும் மொராவியாவிலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் காட்டை வெட்டி, வேர்களைக் கெல்லி, புதுநிலம் திருத்திக் குடியேறியவர்களுக்கு நிலப்பிரபுக்கள் சில வருஷங்கள் வரியைத் தள்ளிக்கொடுத்த சலுகைக் காலமே ஆதியில் ல்ஹொத்தா. பிற்பாடு அதுவே குடியிருப்புக்கும் நாமமாகி, இன்று 300க்கும் மேற்பட்ட இடங்கள் அப்பெயரைத் தாங்குவதால், குளத்தின் நடுவே செந்நிற மாளிகை நிற்கும் செர்வெனா ல்ஹொத்தாவைப்போல, ‘சிவந்த’ என்றும் ‘நீண்ட’ என்றும் அடைமொழி சேர்த்தே பலவற்றைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஸ்லோவாகியாவில் இது லெஹொத்தா, போலந்தில் லிகொத்தா. பாரமற்றது என்று பொருள்படும் செக் ‘லெஹ்கீ’ இதற்கு உறவு. நம் ‘இலகு’வுக்கு மூலமான ஸம்ஸ்கிருத ‘லகு’வும் அதே பூர்வ தாதுவில் பிறந்ததுதான். பாரத்தை இறக்கிவைக்கப் பிறந்த இச்சொல்லின் இன்றைய வடிவமான ‘ல்ஹூத்தா’, மனு கொடுக்கவும் பணம் கட்டவும் விதிக்கும் கெடுவைக் குறிப்பது விசித்திரமே. தமிழில் ‘இறையிலி’ எனலாமென்றால், அதில் நிரந்தர தானத்தின் வாடை வீசுகிறது. அவகாசம், கெடு இரண்டையும் தன்னுள் அடக்கிய ‘தவணை’யே எனக்கு உசிதமாகப் படுகிறது.