ஸாண்டா மோனிகாவின் கிணறுகள்

பசிபிக் சமுத்திரக் கரையில், லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் ஸாண்டா மோனிகா என்று ஒரு நகரம் இருக்கிறது. சினிமாக்காரர்களும் சீமான்களும் காற்று வாங்கும் ஊர். எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்தான். ஆனால் நாக்கை நனைக்க நிலத்தடி ஜலத்தைத் தேடித்தான் போக வேண்டும். 1996-ஆம் ஆண்டில் அந்த ஊரார் தங்கள் கிணறுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். ஊருக்குக் கிடைத்து வந்த தண்ணீரில் ஏறக்குறையப் பாதி நின்று போயிற்று.

கிணறுகள் வற்றவில்லை. தண்ணீரில் எம்.டி.பி.இ. என்ற வஸ்து கலந்திருந்தது. அதன் முழுப் பெயர் மெதில் டெர்ஷியரி ப்யூட்டைல் ஈதர். எப்படியோ எழுதிவிட்டேன், வாசகர்கள் உச்சரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

இது பெட்ரோலுக்குள் நுழைந்த கதை வேடிக்கையானது. மோட்டார் இஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக முன்பெல்லாம் பெட்ரோலில் ஈயம் சேர்த்தார்கள். ஈயம் உடம்புக்கு விஷம் என்று அதைக் குறைக்கத் தொடங்கிய பிறகு, 1979 முதல் இந்த ஈதர் வந்தது. 1990-இல் அமெரிக்காவின் காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. புகை சூழ்ந்த நகரங்களில் விற்கும் பெட்ரோலில் பிராணவாயு கலந்த பொருள் ஏதாவது இருக்க வேண்டும், அப்போதுதான் அது முழுக்க எரியும் என்றார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் விலை மலிவான ஈதரையே பிடித்துக் கொண்டன. கலிபோர்னியாவில் நூறு காலன் பெட்ரோலில் பதினோரு காலன் அதுதான்! காற்று சுத்தமானது என்னவோ உண்மை. பிள்ளையார் பிடிக்கப் போனவர்களுக்குக் குரங்கு பூமிக்கு அடியில் தயாராகிக் கொண்டிருந்தது.

பெட்ரோல் பங்குகளில் புதைத்திருந்த தொட்டிகள் துருப்பிடித்து ஒழுகின. முன்னாலும் ஒழுகியவைதான். ஆனால் பழைய பெட்ரோல் சங்கோசம் உள்ளது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு அதிக தூரம் போகாது, கிருமிகளும் அதைத் தின்று தீர்க்கும். ஈதரோ தண்ணீரில் சுலபமாகக் கரைந்து, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகிறது. நூறு கோடியில் இருபது பங்கு இருந்தாலே சிலருடைய நாக்குக்கும் மூக்குக்கும் டர்பன்டைன் போலத் தெரிந்துவிடும். அந்தக் கணக்குப்படி ஒரே ஒரு லிட்டர் ஈதர் மூன்று கோடி லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கெடுக்கும்.

கெட்டதைப் பிரிப்பதும் லேசில்லை. காற்றை ஊதினால் பென்ஸீன் கிளம்பிவிடும். இது தண்ணீரை விட்டு நகராது. கரியில் வடிகட்டினால் சீக்கிரம் கரி நிறைந்து விடுகிறது. இருக்கிற கரிகளில் தேங்காய்ச் சிரட்டைக் கரி நன்றாக உழைக்கிறது என்று கண்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துச் சாக்கடை நிலையம் ஒன்றில், நாற்றம் போக்க வைத்திருந்த மக்கிய எருவில், ஈதரையே ஆகாரமாகக் கொள்ளும் கிருமி ஒன்று அகப்பட்டது. ஆனால் அதற்குப் பிராணவாயு வேண்டும். போர்ட் ஹ்யூனீமி கடற்படைத் தளத்தில் பூமிக்குள் பிராணவாயுவைச் செலுத்தி, இத்தகைய கிருமிகளைக் கொண்டே தடுப்பு வேலி போட்டார்கள்.

செலவு யாருடையது? டாஹோ ஏரிக்கரை ஊர் ஒன்று தொடுத்த வழக்கில், 2002-இல், சில கம்பெனிகள் அபாயம் தெரிந்தும் எச்சரிக்கவில்லை என்று ஜூரிகள் தீர்மானித்தார்கள். அந்த ஊருக்குச் சுமார் ஆறு கோடியே தொண்ணூறு லட்சம் டாலர் கிடைத்தது. ஸாண்டா மோனிகாவோடு கம்பெனிகள் 2003-இல் சமாதானத்துக்கு வந்தன. 2004 முதல் கலிபோர்னியாவில் ஈதருக்குத் தடை.

ஸாண்டா மோனிகாவின் சார்னாக் கிணறுகளுக்குக் கரி வடிகட்டிகள் அமைத்துத் தண்ணீரை மறுபடி குழாயில் விட்டபோது 2011 ஆகிவிட்டது. நடுவில் கழிந்த பதினைந்து வருஷமும், காலடியில் தங்கள் தண்ணீர் கிடக்க, அந்த ஊரார் வெளியூர்த் தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடித்தார்கள்.